காலை வெள்ளைக் குளிசை

யேசு மரி சூசை துணை

ஹரோ
11 ஓகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் துசியந்தி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் றஜீவும் பிள்ளையும் சுகம். உங்கள் சீனி எவ்வளவில் நிற்கிறது? நாரி நோ, அந்த இடுப்பு வலி, எப்படி? இரவில் நித்திரை வருகிறதா?

மூன்று கிழமையாக நீங்கள் எடுக்கும் போனை நான் தூக்கவில்லை. கோபம் மட்டும் காரணம் அல்ல. உங்கள் குரலைக் கேட்டால் நான் நம்பிவிடுகிறேன். "பஸ்ஸால விழுந்துபோனன் மகள், உன்ர மருந்துக்கடையில கேட்டுக் கொஞ்சம் குளிசை அனுப்பு" என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு முறையும் நம்பினேன். ஒரு முறைகூட நீங்கள் விழவில்லை.

மே மாதம் எங்கள் வாசலில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். "கையைத் தூக்குங்கோ மாமா" என்று, உங்கள் பொக்கற்றைத் தடவிப் பார்க்க றஜீவ் கேட்டார். "நாரி நோகுது, ஏலாது, நான் என்ன கள்ளனோ" என்று தெருவே கேட்கக் கத்தினீர்கள். கோட்டின் உள்துணிக்குள் மூன்று போத்தல் நோ மருந்து இருந்தது, யாரோ ஒருவனிடம் வாங்கியது. அன்றைக்குத்தான் உங்களை எங்கள் வீட்டிலிருந்து, நகரத்தின் மற்றப் பக்கம் இருக்கிற மிச்சம் என்ற இடத்துக்கு அனுப்பினோம்.

இனிமேல் கடிதம்தான் அப்பா. உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். சொல்வதை இன்னொரு ஆள் கேட்டு எழுத வேண்டும். தனியாக என்னிடம் பொய் சொல்ல உங்களுக்கு வரும். இன்னொருவருக்கு முன்னால் வராது.

செபத்தில் உங்களை நினைக்கிறேன்.

துசியந்தி


மிச்சம்
27 ஓகஸ்ட் 2024, செவ்வாய்

என் பாசமான மகள் துசியந்திக்கு,

அப்பா செபமாலைமுத்து சொல்லி எழுதுவிப்பது. உன் கடிதம் பத்திரமாக வந்தது. நீங்கள் மூன்று பேரும் சுகம் என்று கேட்டு ஆறுதல். எனக்குச் சீனி ஒன்பது. நாரி பழையபடிதான். நித்திரை இரண்டு மணித்தியாலம்.

எழுதுகிற ஆள் யார் என்று முதலில் சொல்ல வேண்டும். பெயர் சேஷாத்ரி. இந்தியாக்காரர், கும்பகோணத்து ஐயர். போதை விட வருகிற நிலையத்தின் மண்டபத்தில் எனக்கு அடுத்த கதிரை. எனக்குக் குளிசை, அவருக்குக் குடி. "எழுதித் தறீங்களோ ஐயர்?" என்று கேட்டேன். "எழுதறேன் ஓய். ஆனா நீர் சொல்றதைத்தான் எழுதுவேன். அழகுபடுத்த மாட்டேன், வெட்ட மாட்டேன்" என்றார். சரி என்றேன்.

நிலையத்தில் எனக்குக் குளிசைக்குப் பதிலாகப் பச்சை மருந்து தருகிறார்கள். ஒவ்வொரு காலையும் பாமசியில் ஆளுக்கு முன்னால் நின்று குடிக்க வேண்டும். இப்போது முப்பது மில்லி. ஆறுதலாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம். குறைக்கக் குறைக்கப் பழைய நோ எழும்பி வரும் என்று முதலே சொல்லிவிட்டார்கள். வருகிறது. 2009ஆம் ஆண்டு, தவக்காலத்தின் இரண்டாம் கிழமை, செவ்வாய் காலை ஐந்தரைக்கு, மீன் களஞ்சியத்து ஐஸ் தரையில் பெட்டியோடு சறுக்கினேனே, அந்த நோ அப்படியே இருக்கிறது. பதினைந்து வருடம் குளிசை அதைப் போர்வையால் மூடித்தான் வைத்திருக்கிறது.

நோவுக்கென்று செவ்வாயும் வெள்ளியும் ஒரு உடற்பயிற்சி. சொல்லித்தருகிறவள் சுவர்ணா என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஓட்டம் பாட்டம் இல்லை. கதிரையில் இருந்து, பாதத்தை நிலத்தில் வைத்து, மூச்சு உள்ளே போகும்போது இரண்டு கையையும் தூக்க வேண்டும், வெளியே வரும்போது இறக்க வேண்டும். அவ்வளவுதான். என் கை நெஞ்சு மட்டத்தைத் தாண்டவில்லை. அன்றைக்கு வாசலில் நான் ஏலாது என்றது அந்த ஒன்றில் மட்டும் உண்மை.

மருமகனுக்கும் என் பேத்தி அஞ்சலீனாவுக்கும் அன்பு.

அப்பா

எழுதினவன் குறிப்பு: குளிசைன்னா மாத்திரைன்னு புரிஞ்சுக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சும்மா. உங்கப்பா உங்க லெட்டரை ஒரு தரம் கேட்டார். மறுநாள் அச்சுப் பிசகாம ஒப்பிச்சார். சேஷாத்ரி.


ஹரோ
22 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கு மூக்கடைக்கும் தடிமனைத் தவிரக் குறையில்லை. பதில் பிந்திவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

பிள்ளை தவழ்கிறாள். குசினிவரை வருகிறாள், பிறகு நான் எங்கே என்று திரும்பிப் பார்க்கிறாள். ஆட்கள் அவளை அம்மம்மாவின் சாயல் என்கிறார்கள். அம்மாவின் பெயரை வைத்ததால் அப்படித் தெரிகிறதோ என்னவோ.

உங்கள் உடற்பயிற்சியைப் பற்றி றஜீவின் தாய்க்கு, மாமிக்குச் சொன்னேன். "அது சைவக்காரற்ற தியானமெல்லோ, மாதா கோயிலுக்குப் போற மனிசனுக்கு ஏன்?" என்கிறார். பங்குச் சுவாமியிடம் ஒருக்கால் கேளுங்கள்.

என் வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் வேலை செய்த பாமசியில் ஜனவரியில் திரும்பி வருகிறாயா என்று கேட்கிறார்கள். நவம்பர் முடிவதற்குள் பதில் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. அது கடிதத்தில் வேண்டாம்.

சேஷாத்ரி அங்கிள், இந்த ஒரு வரியை மட்டும் அப்பாவுக்கு வாசிக்க வேண்டாம்: அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

துசியந்தி


மிச்சம்
1 ஒக்ரோபர் 2024, செவ்வாய்

மகள் துசியந்திக்கு,

அப்பா சொல்லி எழுதுவது. தடிமன் சுகமாகிவிட்டதா? பிள்ளைக்கு வேர்க்கொம்புக் கசாயம் அதிகம் கொடுக்காதே. நான் இருக்கிறேன். ஓம், சாப்பிடுகிறேன். வாசிக்க வேண்டாம் என்ற வரியை ஐயர் முதலில் வாசித்தார், பிறகுதான் மற்றதெல்லாம்.

சுவாமியிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "வகுப்பு எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். மாமிக்குச் சொல்.

பச்சை மருந்து இருபத்துநான்காகிவிட்டது. நோ எழும்பும்போது ஓடாதே என்கிறாள் சுவர்ணா. "நோவைச் சுத்தி ஒருக்கா நடந்து பாருங்கோ அங்கிள். எவ்வளவு பெரிசு?"

"தேங்காய்ப் பாதியளவு, பிள்ளை."

"அதுக்கு ஓரம் இருக்கோ?"

பார்த்தேன். இருந்தது. பதினைந்து வருடமாக உடம்பு முழுக்க நோ என்று சொல்லித் திரிந்தவன் நான். அது ஒரு தேங்காய்ப் பாதி. இடது பக்கம். அதற்கு மேலே நோ இல்லாத முதுகு இருக்கிறது, கீழே நோ இல்லாத தொடை இருக்கிறது. ஐயர் பக்கத்துக் கதிரையில் இருந்து, "ஓய், உம்மதுக்கு ஓரமாவது இருக்கே. என் தாகத்துக்கு அதுவும் இல்லை" என்றார். சுவர்ணாவும் சிரித்துவிட்டாள்.

கை இப்போது தோள் மட்டம் வருகிறது.

போன வியாழன் ட்ராம் தரிப்பில் அவன் நின்றான். எனக்குப் போத்தல் விற்றவன். "அங்கிள், சாமான் வந்திருக்கு" என்றான். பாதத்தை நிலத்தில் வைத்தேன். மூச்சை எண்ணினேன். இரண்டு ட்ராம் என்னை விட்டுவிட்டுப் போனது. மூன்றாவதில் ஏறினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தத் தரிப்பில் இருபத்திரண்டு நிமிடம் நின்றேன், அதில் இருபது நிமிடம் வாங்கவே நினைத்தேன்.

நீ ஏன் வேலைக்குப் போகமாட்டாய்? சின்னதில் விளையாட்டுக்கும் அரிசிமணியை எண்ணி அடுக்குகிற பிள்ளை நீ. உன் கை பிழைக்காது. காரணத்தைச் சொல்லு. ஐயர் கேட்டால் கேட்கட்டும்.

அப்பா


ஹரோ
20 ஒக்ரோபர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருங்கள். குளிர் தொடங்கிவிட்டது, நாரிக்குச் சூட்டுப் பை வையுங்கள். நாங்கள் சுகம்.

ட்ராம் தரிப்புக் கதையை றஜீவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு, "பெப்ரவரி இரண்டுக்கு மாமா வரலாம்" என்றார். பிள்ளையின் முதல் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை. இப்படியே இருந்தால் வாருங்கள் அப்பா. வாசலில் பொக்கற் பார்ப்போம். அதில் மட்டும் மாற்றம் இல்லை.

காரணத்தைக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

பிள்ளை பிறந்து நான் வீட்டுக்கு வந்த கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். வயிற்றில் வெட்டுக்காயம். ஞாயிறு பின்னேரம் மேசையில் இரண்டு குளிசைப் பெட்டியையும் வைத்து, ஏழு நாளுக்கும் நிரப்பினேன். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. அந்த வியாழன் காலைதான் நான் குசினியில் மயங்கி விழுந்தேன். கையில் பதின்மூன்று நாள் குழந்தை. பிரிட்ஜ் கதவில் சாய்ந்து சறுக்கியதால் பிள்ளை என் மேல் கிடந்தாள். கல்லுத் தரையில் விழுந்திருந்தால்?

ஆஸ்பத்திரியில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். எனக்குச் சீனி வருத்தம் இல்லையே! வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். வியாழன் இரவு அறையில் என் நோக் குளிசைக்குப் பதில் உங்கள் சீனிக் குளிசை இருந்தது. இரண்டும் வெள்ளை, இரண்டிலும் நடுவில் கோடு. நித்திரையில்லாத கண்ணோடு நான்தான் மாற்றிப் போட்டிருக்கிறேன். றஜீவைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குக் குளிசை எண்ணிக் கொடுத்தவள் நான். என் பிள்ளையைக் கொல்லப் பார்த்த கை இது. இன்றைக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கமாட்டேன். இவர் வரும்வரை மேலேயே இருப்பேன். இந்தக் கையை நம்பி நான் எப்படி இன்னொருவருக்கு மருந்து கொடுப்பது?

துசியந்தி


மிச்சம்
29 ஒக்ரோபர் 2024, செவ்வாய்

மகள் துசியந்திக்கு,

அப்பா சொல்லி எழுதுவது. உங்கள் சுகத்தை அறிய ஆவல். நான் சுகம். சீனி எட்டரை. பச்சை மருந்து இருபத்திரண்டு.

மழை. மண்டபத்தில் ஹீட்டர் பழுது. கோட்டோடு இருந்து கை தூக்கினோம். வருகிற சனி சகல ஆத்துமாக்கள் திருநாள், உன் அம்மாவின் ஆத்துமாவுக்குப் பூசை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிறந்தநாளுக்குக் கூப்பிட்டதற்குச் சந்தோஷம். மருமகனுக்குச் சொல்.

(இங்கே இரண்டு வரிகள் மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.)

சூட்டுப் பை வாங்கிவிட்டேன்.

அப்பா

எழுதினவன் குறிப்பு: வெட்ட மாட்டேன்னு சொன்னவன் நான். இந்தத் தடவை அவர் என் கையைப் புடிச்சுண்டு அடிக்க வெச்சார். உங்க லெட்டரை வாசிச்சு முடிச்சதும் எழுந்து வெளியே போனார். மழையில் நின்னார். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வரலை. சே.


ஹரோ
10 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம்தானே? அங்கிள் எழுதியதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியில்லை. வகுப்புக்கு ஏன் போகவில்லை? திரும்பவும் தொடங்கிவிட்டீர்களா? நேரே சொல்லுங்கள்.

அடித்த இரண்டு வரியையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "புதன்" என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. என்ன புதன்?

பாமசிக்கு விலகல் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். முப்பதாம் திகதி அனுப்புவேன்.

துசியந்தி


மிச்சம்
19 நவம்பர் 2024, செவ்வாய்

துசியந்தி,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஐயர் எழுதுகிறார். பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு பாதமும் நிலத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். நான் திரும்பத் தொடங்கவில்லை. இது அதைவிடப் பெரியது.

உன் கை பிழைக்கவில்லை. மாற்றிப் போட்டவன் நான்.

எனக்கு எழுத்து இல்லை, அதனால் ஒன்றும் மறப்பதும் இல்லை. நாள் நாளாகச் சொல்கிறேன், நீ சரி பார்.

பெப்ரவரி பதினோராம் திகதி, ஞாயிறு. நீ இரண்டு பெட்டியையும் நிரப்பினாய். மூடியைத் தட்டித் தட்டி மூடினாய். உன் பெட்டி மண்ணிறம், என்னுடையது நீலம். நீ சரியாகத்தான் போட்டாய். ஞாயிறு இரவும் திங்கள் காலையும் உனக்கு நோ குறைந்தது, இரண்டு தரம் சிரித்தாய்.

திங்கள் பின்னேரம் நான் களவாக வாங்கி வைத்திருந்த நோக் குளிசைகள் முடிந்துவிட்டன. நீ பிள்ளையோடு கண்ணயர்ந்திருந்தாய். உன் பெட்டியைத் திறந்து நோக் குளிசை நான்கு எடுத்தேன். திங்கள் இரவு, செவ்வாய் காலை, செவ்வாய் இரவு, புதன் காலை. வெறும் அறையைக் கண்டால் நீ கேட்பாய் என்று, என் மேசை லாச்சிக்குள் கிடந்த குளிசைத் தகட்டிலிருந்து காலை வெள்ளையை அந்த இடங்களில் வைத்தேன்.

எனக்குக் குளிசையின் பெயர் தெரியாது மகள். காலை வெள்ளை, இரவு மஞ்சள், சாப்பாட்டுக்குப் பின் நீளம், அப்படித்தான் தெரியும். அது சீனிக்கு என்று தெரியாது. கோடும் நிறமும் ஒன்றாக இருந்தது, வைத்தேன். விற்றமின் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அதுவும் பொய். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

புதன், விபூதிப் புதன். காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். பின்னேரம், அந்தச் சாம்பல் அழியமுதல், இன்னும் மூன்று எடுத்தேன். புதன் இரவு, வியாழன் காலை, வியாழன் இரவு. மொத்தம் ஏழு. ஆறை நீ விழுங்கினாய். ஏழாவதை நீ கண்டுபிடித்தாய். அந்த மூன்று நாளும் வெட்டுக்காயத்தில் நீ முனகியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

வியாழன் காலை நீ விழுந்த சத்தத்துக்கு முதலில் வந்தவன் நான். பிள்ளையை உன் மேலிருந்து தூக்கினேன். அம்புலன்ஸ்காரன் சீனி இறங்கியிருக்கிறது என்றதை மருமகன் எனக்குத் தமிழில் சொன்னார். அப்போது விளங்கியது. விளங்கிய பிறகு அறைக்குப் போய், உன்னிடம் எடுத்ததில் மிச்சமிருந்த ஒன்றை விழுங்கினேன்.

சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லிவிட்டேன். அவர் மன்னிப்புத் தந்தார். ஆனால் விழுந்தது சுவாமி இல்லை, நீ.

இதைச் சொன்னால் பெப்ரவரி இரண்டு இல்லாமல் போகும் என்று தெரியும். போன கடிதத்தில் அதற்காகத்தான் அடித்தேன். மூன்று கிழமை அந்தத் தேங்காய்ப் பாதியைச் சுற்றி நடந்து பார்த்தேன். நாரியில் இருந்தது பாதி, மற்றப் பாதி இது.

விலகல் கடிதத்தைக் கிழி. உன் கை அரிசிமணி அடுக்கிய அதே கை.

செபமாலைமுத்து

எழுதினவன் குறிப்பு: ஒரு எழுத்தும் வெட்டலை. எழுத்து கோணலா இருந்தா மன்னிக்கணும். குடிச்சதால இல்லை.


மிச்சம்
17 டிசம்பர் 2024, செவ்வாய்

மகள் துசியந்திக்கு,

உனக்கும் மருமகனுக்கும் பேத்திக்கும் வரப்போகிற பாலன் யேசு பிறப்பின் ஆசீர். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

பதில் வரவில்லை. வர வேண்டும் என்று இதை எழுதுவிக்கவில்லை. இன்னொருவருக்கு முன்னால் உள்ளதைச் சொல்லு என்றாய், அதனால் சொல்கிறேன்.

அந்தக் கடிதம் போட்ட நாலாம் நாள் தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். போத்தல் விற்ற அவனைத் தேடித்தான் போனேன். இரண்டு குளிசை வாங்கினேன். பஸ்ஸில் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தேன், வியர்வையில் ஊறிப்போனது. விழுங்கவில்லை. இறங்கி நேரே பாமசிக்குப் போய், பச்சை மருந்து தருகிற பிள்ளையின் முன்னால் கையை விரித்தேன். அவள் எடுத்துக்கொண்டாள். நிலையத்தில் எழுதி வைத்தார்கள். மருந்தைக் குறைப்பதை மூன்று கிழமை நிறுத்தினார்கள். இப்போது இருபது.

அன்று பின்னேரம் ஐயரிடம் சொன்னேன். "வாங்கினது தப்பு. குடுத்தது சரி. இப்போ கையைத் தூக்கும் ஓய்" என்றார். இரண்டு பேரும் அவர் அறையில் கட்டிலில் இருந்து தூக்கினோம்.

கை கண் மட்டம் வருகிறது. நோ இருக்கிறது. அது இருக்கட்டும். அது இருக்கும்போதே தேத்தண்ணி வைக்கிறேன், அது இருக்கும்போதே பூசைக்குப் போகிறேன்.

நீ பதில் எழுதாவிட்டாலும் செவ்வாயும் வெள்ளியும் நான் அந்தக் கதிரையில் இருப்பேன்.

அப்பா


ஹரோ
19 ஜனவரி 2025, ஞாயிறு

அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள். சேஷாத்ரி அங்கிள், இந்த முறை எல்லாவற்றையும் வாசியுங்கள்.

உங்கள் நவம்பர் கடிதத்தைப் பத்து முறை வாசித்தேன். முதல் முறை பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். றஜீவ் அதை எரிக்கப் போனார், நான் விடவில்லை. நீங்கள் சொன்ன நாள்களை என் நோவோடு பொருத்திப் பார்த்தேன். திங்கள் இரவிலிருந்துதான் காயம் எரிந்தது. ஒரு நாளும் பிசகவில்லை. நீங்கள் பொய் சொல்லும்போது இவ்வளவு விபரம் இருப்பதில்லை.

ஒன்பது மாதம் என் கையைப் பார்த்துப் பயந்தேன். ஒரே வீட்டில் மூன்று மாதம் எனக்கு முன்னால் இருந்து சோறு சாப்பிட்டீர்கள். குளிசை எடுத்ததை ஒரு நாள் மன்னிப்பேன். நான் பயந்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததை எப்போது மன்னிப்பேன் என்று தெரியாது.

பெப்ரவரி இரண்டுக்கு வர வேண்டாம்.

விலகல் கடிதத்தைக் கிழித்தேன். பதின்மூன்றாம் திகதி வேலைக்குப் போனேன். திங்கள், செவ்வாய், புதன். முதல் நாள் ஒவ்வொன்றையும் மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியப் படியால் இறங்கினேன். பதின்மூன்று படி.

துசியந்தி


மிச்சம்
4 பெப்ரவரி 2025, செவ்வாய்

என் மகள் துசியந்திக்கு,

அப்பா சொல்லி எழுதுவது. பேத்தி ஆயிரம் காலம் சுகமாக வாழ வேண்டும். நீயும் மருமகனும் சுகம் என்று நம்புகிறேன். சீனி ஏழரை. பச்சை மருந்து பதினாறு.

ஞாயிறு நான் வரவில்லை. நீ சொன்னாய், வரவில்லை. நீங்கள் கேக் வெட்டுகிற நேரமென்று நானே மூன்று மணியை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். பன்னிரண்டு தரம் கை தூக்கினேன், மாதத்துக்கு ஒன்று. ஐயர் எங்கேயோ ஒரு மெழுகுதிரி வாங்கி வந்து, "ஊதும் ஓய், உம்ம பேத்திக்காக" என்றார். "உங்கட ஆக்கள் விளக்கு ஊதிறேல்லயெண்டெல்லோ சொல்லுவீங்கள்?" என்றேன். "எங்க ஆளுங்க குடிக்கறதும் இல்லைதான்" என்றார். ஊதினேன்.

நேற்றுத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. கடிதம் இல்லை. ஐயர் ஊரில் இல்லை, மகனிடம் போயிருந்தார். தனியாகத்தான் பிரித்தேன்.

குளிசைப் பெட்டி. நீலம். ஏழு நாள், நாளுக்கு இரண்டு அறை. எழுத்து ஒன்றும் இல்லை. மேல் அறையில் சூரியன், கீழ் அறையில் நிலவு. காலை அறை எல்லாவற்றிலும் சின்னதாக ஒரு கரண்டியும் சீனியும் வரைந்திருந்தாய். சீனிக் குளிசை இதற்குள். இனி எனக்கு அது காலை வெள்ளை இல்லை, பெயர் தெரிந்த குளிசை. ஞாயிற்றுக்குச் சிலுவை. செவ்வாய்க்குக் கதிரை. வெள்ளிக்கு மீன். புதனில் ஒரு சாம்பல் பொட்டு. அதைக் கண்டதும் கொஞ்ச நேரம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நீ மறக்கவில்லை. நானும் மறக்கக் கூடாது. சரி.

வியாழக்கிழமைக்கு ஒரு கதவு. திறந்தேன். உள்ளே மடித்த கடதாசி. விரித்தேன். ஒரு மணிக்கூடு, முள் பத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே பென்சிலால் சுற்றி வரைந்த ஒரு சின்னப் பாதம். ஐந்து விரலும் இருந்தது. பெருவிரல் கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும், அந்த இடத்தில் கோடு இரண்டாகப் போயிருக்கிறது.

எழுபத்துநான்கு வயதில், ஒருவரும் வாசித்துக் காட்டாமல் நான் வாசித்த முதல் கடிதம் அது. இன்று காலை ஐயரிடம் காட்டினேன். "இதில் எனக்கு வேலையே இல்லையே" என்றார்.

இதற்கு முதல் வகுப்பு முத்திரை ஒட்டச் சொல்லியிருக்கிறேன், புதன் உனக்குக் கிடைக்கும். வியாழன் காலை பத்து மணிக்கு உன் வாசலில் நிற்பேன். மருமகன் வேலைக்குப் போயிருப்பார். நீயே பார். கோட்டின் உள்துணியையும் பார். சப்பாத்தையும் கழற்றித் தருவேன்.

நீ பார்க்கத் தொடங்கும்போது நான் மூச்சை உள்ளே எடுப்பேன், இரண்டு கையும் மேலே போகும். இப்போது காதுக்கு மேலே வருகிறது. அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலும். அவசரமில்லை. நீ ஆறுதலாகத் தடவிப் பார்.

அப்பா